அறுபத்தைந்து

கயானியில் இரவு இரண்டு மணி.
பனிவாரி வண்டியை ஷெட்டில் விட்டுவந்த துயிரே
காலுறையைக்கூடக் கழற்றவில்லை.
திரையில் ஏழாம் வளைவு.

நான்கு சக்கரமும் இழுக்கிறது,
ஒடித்தாலும் திரும்பாமல்
மூக்கை நீட்டிப்
பனிமேட்டை முகரப் போகிறது கார்.

முன் ஆன்டி-ரோல் பாரைத் தளர்த்தினாள்.
பின்னதை முறுக்கினாள்.
டிஃபரென்ஷியலில் பின்பக்கத்துக்கு எழுபது:
வால் சுழன்று வேலியில்.
அறுபது:
மறுபடி அதே மூக்கு.

அறுபத்தைந்தில்
மிதியை விட்ட நொடி
இடுப்பைப் பிடித்து யாரோ திருப்பிவிட்டதுபோல்
உள்ளே மடிந்தது.
"ஹா" என்றாள், காலி அறையிடம்.

ஐந்து மணிக்கு மறுபடி வேலை.
பனிவாரியில் திருத்த ஒரு திருகும் கிடையாது,
பதினாறு டன் வேண்டாவெறுப்பு.
ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால்
ஒரு முக்கு இருக்கிறது.
அங்கே மட்டும்
கொஞ்சம் முன்னதாகவே
கால் தளர்த்திப் பார்ப்பாள்.