கண்ணாடியை மாற்றவா?

பெனீஷ் துறைமுகத்தில், வலை விற்கும் கடைக்கும்
ரொட்டிக்கடைக்கும் நடுவே இவோனின் பட்டறை.
மருத்துவச்சி லியோகாடியாவின் கைக்கடிகாரத்தை
விளக்கின் கீழ் குப்புறப் போட்டுப்
பின்மூடியைத் திறந்தாள்.
"எண்ணெய் பிசினாகிவிட்டது.
கழுவி, முகப்பில் எண்களைப் புதிதாக எழுதி,
உறைக்கு மெருகேற்றினால்
நேற்று வாங்கியதுபோல் இருக்கும்.
வேண்டாமென்றால் தூசி தட்டித் தருகிறேன்,
பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.
எது?"

நானும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

அண்ணன் என்றால் கொஞ்சநேர அண்ணன்.
அதெரீத்து: ஐம்பத்திரண்டு, டிசம்பர் முப்பத்தொன்று,
இரவு பதினொன்று நாற்பது.
நான்: ஐம்பத்து மூன்று, ஜனவரி ஒன்று, பன்னிரண்டு மூன்று.
இரண்டையும் சொன்னது இந்த முகப்புதான்.
பதிவாளர் மறுகேள்வி கேட்கவில்லை.
ஒரே வயிறு, ரெண்டு வருஷம் என்று
மத்தி டப்பா ஆலையில் அம்மாவைக் கேலி செய்வார்களாம்.

பட்டாளத்துக்கு ஆள் எடுத்தது வருஷக் கணக்கில்.
ஐம்பத்திரண்டு, கினிக்குக் கப்பலேறியது.
ஐம்பத்து மூன்று
சாந்தாரெம் பாசறையில் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தது.
ஏப்ரல் வந்தது.
துப்பாக்கி வாயில் யாரோ கார்னேஷன் பூவைச் செருகினார்கள்,
என் கப்பல் கிளம்பவே இல்லை.
அவன் திரும்பினான், இடது கையில் மூன்று விரல் குறைவாக.
"கண்ணிவெடி" என்றான்.
அவ்வளவுதான், ஐம்பது வருஷமாக.

அப்பா சாகிற வாரம், அறையில் நான் மட்டும் இருந்தபோது:
"நீ அழுதாய். அதற்குப் பிறகுதான்
படகுகள் புத்தாண்டுக்கு ஊதின.
வாசற்படியில் நின்றிருந்தேன், ரெண்டும் காதில் விழுந்தது.
அவள் கடிகாரம் முந்தி ஓடும்."
பிறகு தண்ணீர் கேட்டார்.

லியோகாடியாவின் மருமகள்
இதைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தபோது
என்ன நினைத்தேன் என்று சொல்ல வெட்கம்:
ஓடவைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.
தெரியாதாம்.
"காய்ந்த எண்ணெயில் இன்றைக்கு எப்படி ஓடுகிறதோ
அதற்கும் அன்றைக்கும் சம்பந்தமில்லை.
கழுவிவிட்டால் இன்னும் சுத்தம்"
என்றாள் இவோன்.

கண்ணாடியில், பன்னிரண்டிலிருந்து நாலு வரை ஒரு கீறல்.
அவனுக்கும் எனக்கும் இடையே கிடந்த
அந்த இருபத்து மூன்று நிமிடத்தில்
அம்மா மருத்துவச்சியின் மணிக்கட்டைப் பிடித்தாளாம்,
மோதிரக் கையால்.

"கண்ணாடியை மாற்றவா?"
"வேண்டாம்."
இரண்டு குரல், ஒரே நொடி.
இவோன் சிரித்துவிட்டாள்.

முகப்பு மஞ்சளாகவே இருக்கட்டும்,
உறையைத் தேய்க்காதே, என்றான் அதெரீத்து,
ஆனால் ஓடட்டும்.
வேலை செய்யாததென்று
ஏற்கெனவே ஒரு கை வைத்திருக்கிறேன்.

நான் தலையாட்டினேன்.
வியாழக்கிழமைக்குச் சீட்டு எழுதினாள்.
அவன் மேல்கோட்டுப் பொத்தானோடு மல்லுக்கட்டியபடி
வாசலில் நின்று
அவளிடம்தான் சொன்னான், என்னிடம் அல்ல:
"நேரம் வைக்கும்போது நாலு நிமிடம் முந்தி வை.
அது அப்படித்தான் ஓடும்."

வெளியே உப்புக்காற்று.
பக்கத்துக் கடையில் இரண்டு ரொட்டி வாங்கினான்.
ஒன்றை என்னிடம் நீட்டினான்.
கை சுட்டது, மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு
பின்னால் நடந்தேன்.