பெயருக்குக் கீழே

"பேருக்குக் கீழ என்னக்கா போடறது?"
ஜாகிர் கேட்டான்.
நீடாமங்கலம் கீழவீதி, அவன் பேனர் கடை.
திரையில் செங்கமலம் சிவப்பாக நின்றாள்.
அடியில் ஒரு குச்சி
விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டிருந்தது.

பள்ளியில் சுற்றுச்சூழல் மன்றத் தொடக்கவிழா.
பத்து நிமிடம் பேச வேண்டும்.
மற்ற இருவர் பெயருக்கும் கீழே நல்ல கனம்:
ஒருவர் ஒன்றியத் துணைச் செயலாளர்,
ஒருவர் உர மொத்த வியாபாரி.
நான் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவு.
தண்ணீருக்கும் எனக்கும்
அலுவல் முறையில் சம்பந்தமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியில் போய்
மதகு பார்ப்பேன்.
அவ்வளவுதான்.
பதினொரு வருஷம், முந்நூற்று எழுபது மதகு.
நோட்டில் இருக்கிறது:
ஷட்டர் எத்தனை, இரும்பா பலகையா,
திருகில் கடைசியாகக் கிரீஸ் பட்டது எப்போது,
கைப்பிடிச் சுவரில் எந்தக் கட்சி.

ஆர்வலர் எனலாம்.
அவர் மரக்கன்று நட்டுவிட்டு
படம் எடுக்கும்வரை குனிந்தே இருப்பவர்.
ரசிகை எனலாம்.
ரசிகர்கள் பால் ஊற்றுவார்கள்.
மதகுக்குத் தண்ணீர் போதும்,
அதற்கே அது மேட்டூரைப் பார்த்துக் கிடக்கிறது.
நிபுணர் பொய்.
பைத்தியம் என்பது வீட்டில் ஏற்கெனவே
கொடுத்துவிட்ட பதவி.

"சுவைஞர்னு போடவா?"
ஜாகிர் தமிழ் எம்.ஏ. பாதியில் விட்டவன்.
காது சுட்டது.
சீ போடா என்று சொல்ல வந்தேன்.
"ம்" என்றேன்.

ராத்திரி தூக்கமில்லை.
முன்வரிசையில் அங்கவஸ்திரத்தோடு அமர்ந்து
தொடையில் தாளம் போடுகிறவர்களின் சொல் அது.
காபி உதட்டில் பட்டதும்
சிக்கரி ஒரு சிட்டிகை தூக்கல் என்பவர்களின் சொல்.
யார் கொடுத்தது என்று
அவர்களை ஒருவரும் கேட்பதில்லை.
இரும்புப் பலகையை வெறிக்கிறவள்
எடுத்து மாட்டிக்கொண்டால் இரவல் சங்கிலிதான்.
கல்லில் உரசினால் தெரிந்துவிடும்.

உரசியே பார்த்தேன்.
விடிகாலை, மூணாறு தலைப்பு.
கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.
மூடிய ஷட்டரின் இடுக்கில் கசிவதற்கு ஒரு சீறல்,
தூக்கியதன் அடியில் போவதற்கு
அடித்தொண்டை.
கோரையாற்றில் நாலு. வெண்ணாற்றில் ஒன்று, அகலமாக.
பாமணியில் இரண்டு.
திறந்தேன். பாமணியில் மூன்று.

சைக்கிளை நிறுத்தினார் லஸ்கர் சவரிராஜ்.
"இன்னைக்கு நீங்க பேசறீங்களாமே.
ஏழாம் நம்பருக்கு கிரீஸ் இல்லன்னு
மைக்குல சொல்லிவிடுங்க மேடம்.
எழுதிக் குடுத்து எட்டு மாசம் ஆவுது."
பார்க்கவந்த பதினொரு வருஷத்தில்
அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு இது.

பள்ளி வாசலில் பேனர்,
காற்றுக்காக அங்கங்கே அரைவட்டமாய்க் கிழித்து.
என் பெயர்.
கீழே: மதுச் சுவைஞர்.

ஜாகிர் தலையில் கைவைத்தான்.
உர வியாபாரி படித்தார், என்னைப் பார்த்தார்,
மரியாதையாக ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.
சுவைஞர் என்பது
யாருக்கும் இடிக்கவில்லை, கவனித்தேன்.
வாய்க்குள் போகிற எதற்கும் பொருந்திவிடும்போல.

"மேல வெள்ளைத்தாள் ஒட்டிடறேன்கா.
பேர் மட்டும் இருக்கட்டும்."
இருந்திருக்கலாம்.
நேற்றிரவு கேட்டிருந்தால்
காலில் விழுந்து ஒத்துக்கொண்டிருப்பேன்.
"ஒட்டாத. எழுத்தைச் சரிபண்ணு" என்றேன்.
பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு
உரக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஏணி வந்தது, மார்க்கர் வந்தது.
'து' இருந்த இடத்தில்
ஒரு துண்டுத் தாள்,
அதில் நெருக்கி இரண்டு எழுத்து.
அச்சின் சிவப்புக்கு நடுவே
அவை மட்டும் கறுப்பாக,
கொஞ்சம் கோணலாக:
தகு.

தகுமா என்றுதான்
ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மைக்கைத் தட்டினேன்.
ஏழாம் நம்பர் ஷட்டருக்கு
கிரீஸ் வேண்டும் என்றேன்.