மேற்கே போகும் காவிரி

ஆய்வுக்குழு வருகிறது என்று
ஓவியக் கல்லூரிக் கிடங்கைக் கணினியில் ஏற்ற
என்னை வைத்தார்கள். நாள் கூலி நானூற்றைம்பது.
பெண் ஓவியர் ஒருத்தி பெயர் சொல் என்றால்
அன்றைக்கு நான்
மார்கழியில் தெருவை அடைத்துக் கோலம் போடும்
எதிர்வீட்டு விமலாராணியைச் சொல்லியிருப்பேன்.

எழுபத்து மூன்றாம் வருஷத்து வருகைப் பதிவேடு.
பையன்கள் நீல மையில், முப்பத்தொரு பேர்.
கடைசியில் சிவப்பு மையில் மூன்று பேர்:
தையல்நாயகி, பல்கீஸ் பீவி, ஞானசௌந்தரி.
நீலம் அப்படியே நிற்கிறது.
சிவப்புதான் முதலில் வெளுக்கும் போல.
ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தால்
நிப் கீறிய தடம் தெரிகிறது.

உருளை இயந்திரத்துக்கு அடியில்
அமிலம் தின்ற துத்தநாகத் தகடுகள்.
அதற்கும் அடியில்
செய்தித்தாள் சுற்றிய ஒரு மரச்செதுக்கு அச்சு.
மூலையில் பென்சிலால்: 3/10, கோ. தையல்நாயகி.

ராத்திரி.
முறைத் தண்ணீருக்குக் காத்திருக்கும் பெண்கள்.
ஒருத்தி மண்வெட்டிக் காம்பில் கன்னம் சாய்த்திருக்கிறாள்,
ஒருத்தி மடியில் எரிகிற டார்ச்.
அந்த வெளிச்சம் மட்டும்
அவள் உளியால் தோண்டி எடுத்தது.
மற்றதெல்லாம்
தொடாமல் விட்ட கறுப்பு.

அந்தப் படித்துறை எனக்குத் தெரியும், ஆடுதுறைப் பக்கம்.
ரைஸ் மில் புகைபோக்கி வலப்பக்கம் இருக்கணும்.
படத்தில் இடப்பக்கம்.
நுரை மேற்கே போகிறது,
கடலிலிருந்து குடகுக்கு.
அச்சில் இடம் வலமாகும், சரி.
ஆனால் மில் சுவரில்
"நெல் அவித்துத் தரப்படும்" நேராக இருக்கிறதே.
எழுத்தைத் திருப்பிச் செதுக்கத் தெரிந்தவளுக்கு
ஆற்றைத் திருப்பத் தெரியாதா?

இரண்டு ராத்திரி இதுவே ஓடியது.
மூன்றாம் நாள் அரை நாள் சம்பளம் போனால் போகிறதென்று
பஸ் ஏறினேன்.

தம்பி மகன் உரக்கடை வைத்திருக்கிறார்.
"அத்தையா? தபாலாபீஸ்ல இருந்தாங்க.
தவறி ஆறு வருஷம் ஆச்சு.
படமா?
அவங்க படம் பாக்கவே போனதில்லையேம்மா."

உள்ளேயிருந்து அவர் மனைவி
வெண்டைக்காய்ப் பிசுக்கைத் துடைத்தபடி
ஒரு பலகையோடு வந்தாள்.
"இதுவா பாருங்க."

மேல்பக்கம் முழுக்க அரிவாள்மணை வேண்டாமென்று
கத்தி பழகிய கீறல்கள்.
திருப்பினேன்.
மண்வெட்டி, புகைபோக்கி, படித்துறை.
டார்ச் வெளிச்சக் குழியில்
மஞ்சள்தூள் ஏறியிருந்தது.

யார் இதில் நறுக்க ஆரம்பித்தது?

"அவங்களேதான். வேலைக்குச் சேர்ந்த புதுசுல.
ஒரு பக்கம் வழவழன்னு சும்மா கெடக்குதேன்னு
சொன்னாங்களாம்."

சொல்லும்போது சிரித்தாரா என்று கேட்க நினைத்தேன்.
கேட்கவில்லை.

மை இல்லை. உரக்கடை பில் புத்தகத்தில் நாலு தாள் கிழித்து
பலகைமேல் பரப்பி
பென்சிலைப் படுக்கப்போட்டுத் தேய்த்தேன்.
புகைபோக்கி வலப்பக்கம் வந்தது.
காவிரி கிழக்கே போனது, கண்ணால் பார்க்கிற மாதிரி.
மில் சுவர் எழுத்துதான்
இப்போது தலைகால் புரியவில்லை.
ஆறா, எழுத்தா,
ஏதாவது ஒன்றுதான் கொடுப்பேன் என்கிறாளா,
இல்லை, மறந்துதான் போனாளா.
பலகையை அவர்களுக்கே விட்டுவந்தேன்.
சாயங்காலத்துக்குப் பொரியல் ஆகணும்.

திரும்பும் பஸ் மேற்கே போனது.
சுருட்டிய தாளைப் பார்த்து
"நெல வரைபடமா? எந்த கிராமம்?" என்றார் கண்டக்டர்.
ஆமாம் என்று சொல்லி
சில்லறை வாங்கிக்கொண்டேன்.

கணினியில் ஒரு கட்டம் நிரம்பியது.
எண் மூன்று கிடைத்துவிட்டது, மீதி ஒன்பது
எந்தச் சுவரில், எந்தப் பெட்டியில்?

ஞாயிறு குத்தாலம் போகணும்.
பல்கீஸ் பீவிக்குக் கதவு எண் இல்லை.
வெளுத்த சிவப்பில்
"மரக்கடை எதிரில்" என்று மட்டும் இருக்கிறது.