மிச்சமிருந்த அம்புகள்

ராணிப்பேட்டை சிப்காட்டில்
பதினோரு வருஷம் என் வேலை
குறை கண்டுபிடிப்பது.
மாடு உயிரோடிருந்தபோது
உண்ணி கடித்த தழும்பு,
ஓரம் விலகிய தையல்,
பசை கசிந்த அடிப்பாகம்,
பார்த்த இடத்தில் சிவப்பு அம்பு ஒன்றை ஒட்டி
பெல்ட்டில் திருப்பி அனுப்புவேன்.
மணிக்குத் தொண்ணூறு ஜோடி.

ஆர்டர் இல்லை என்று ஒரு வெள்ளிக்கிழமை
கணக்கை முடித்துக் கொடுத்தார்கள்.
வீட்டுக்கு வந்து பார்த்தால்
டிபன் பாக்ஸுக்கு அடியில்
அரை ரோல் ஸ்டிக்கர்.
திருடவில்லை.
திருப்பிக் கொடுக்கப் போனேன்,
கேட்டுக்குள் விடவில்லை.

முதல் வாரம் தூங்கினேன்.
இரண்டாம் வாரம்
சத்துவாச்சாரி வெயில் தூங்கவும் விடவில்லை.
ஒரு பகல் என்றால் எழுநூற்று இருபது ஜோடி என்று
உடம்பே எண்ணிப் பழகியிருந்தது.
சும்மா உட்கார்ந்தால்
காதுக்குள் காலி பெல்ட் ஓடியது.

ரோலை எடுத்தேன்.
சொட்டும் குழாய்க்கு ஒன்று.
மிக்ஸி ஒயருக்கு ஒன்று.
ரேஷன் கார்டில் என் மகள் கயலரசி
கயலரிசி ஆகியிருந்தாள்,
அதற்கு இரண்டு.
பி.எஃப். பாரத்தில் என் பிறந்த தேதிக்கு ஒன்று:
அவர்கள் கணக்கில்
நான் என் தம்பிக்குத் தங்கை.

ஒட்டுவது சுலபம்.
கம்பெனியில் அத்தோடு என் வேலை முடிந்துவிடும்.
சரிசெய்ய வேறு வரிசை, வேறு பெண்கள்.
இங்கே அம்பு ஒட்டியவளே
தாலுகா ஆபீசுக்கு நாலு நடை நடந்தாள்.

"இன்னாம்மா, வீட்டுக்கே அம்மை போட்டா மாதிரி கீது"
என்றாள் கயல்.
ஒரு மதியம் கண்ணயர்ந்து எழுந்தால்
என் நெற்றியிலும் ஒன்று.
கண்ணாடியில் பார்த்தேன்.
அது மூக்கைக் காட்டிக்கொண்டிருந்தது.

குழாய்க்கு வாஷர் தேடிப் போனபோதுதான்
ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில் அந்த லாட்ஜ் போர்டு.
தமிழில் பிழையில்லை.
கீழே நாலு வரி வங்காளம்.
சரியா, தப்பா?
தீர்ப்புச் சொல்லாமல் ஒன்றை நகரவிட்டது
வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.
ராத்திரியெல்லாம் அரித்தது.

லாட்ஜ் படியில் ஷெஃபாலி இருந்தாள்,
கணவனின் ரிப்போர்ட்டுக்குக் காத்துக்கொண்டு.
அவளிடமும் பகல் நிறைய இருந்தது.
பாதி இந்தி, பாதி கை.
அவள் எனக்கு எழுத்துச் சொன்னாள்.
'சீட்டு எங்க போடணும்', 'கீரை கட்டு எவ்ளோ'
நான் அவளுக்கு.
மேலே ஒரே நேராகத் தையல் ஓட்டிவிட்டு
கீழே வெட்டாமல் விட்ட தோல் துண்டுகள் போல
அவர்கள் எழுத்து.
கை சீக்கிரம் பிடித்துக்கொண்டது.

மூன்றாவது வாரம் பிடித்துவிட்டேன்.
மூன்றாம் வரியில்
சாப்பாட்டைப் பற்றிய சொல்லில்
ஓர் எழுத்து மாறியிருந்தது.
ஸ்டூல் வாங்கி ஏறி
நடு ரோடு பார்க்க அம்பை ஒட்டினேன்.

ஷெஃபாலி எழுந்து வந்தாள்.
வாய்விட்டு ஒருமுறை படித்தாள்.
இன்னொரு முறை.
தப்பில்லை என்றாள்.
எங்கள் ஜில்லாவில் அதை இப்படித்தான் சொல்லுவோம்,
போர்டு எழுதியவன் எங்கள் பக்கத்து ஆள்.
இருபத்தாறு நாளாக
அதற்குக் கீழேயே உட்கார்ந்திருந்தாளாம்.

உரித்துவிடுகிறேன் என்று
நகத்தை வைத்தேன்.
கையைப் பிடித்துக்கொண்டாள்.
இருக்கட்டும்.

ரோலில் இன்னும் பதினேழு மிச்சம்.
ரிப்போர்ட் வியாழக்கிழமை என்றிருக்கிறார்கள்.
குழாய் மறுபடி சொட்டுகிறது,
அளவு தப்பான வாஷர்.
நாளைக்குப் போய் மாற்ற வேண்டும்.