மூன்று வேர்

பட்டிக்குப் பல் டாக்டரா என்று
குலசேகரம் சந்தை முக்கில் ஆட்டோவை நிறுத்திச்
சிரித்தான் ததேயுஸ்.
சிரித்து முடித்து முந்நூறு ரூபாய் என்றான்,
சீட்டில் ரோமம் விழுந்தால் நானூறு.

கட்டன் என் மடியில் தலைவைத்துக் கிடந்தான்.
வலது கண்ணுக்குக் கீழே
புன்னைக்காய் அளவு வீக்கம்.
கண்நோய் என்றுதான் மூன்று மாசம்
சொட்டு மருந்து விட்டேன்.
வெடிக்கும். வற்றும். பிறகும் வீங்கும்.

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் கீழே
பேட்டரிக் கடையை ஒட்டி டாக்டர் பெனிற்றாவின் ஆஸ்பத்திரி.
பக்கத்து நாற்காலியில் குளச்சல்காரி ஒருத்தி,
கூடைக்குள் வெள்ளைப் பூனை.
"இதுக்கு ஒத்தப் பல்லு கிடையாது பாத்துக்கிடுங்க,
ஈறெல்லாம் புண்ணாப் போய்
டாக்டர் எல்லாத்தையும் எடுத்தாச்சு.
அதுக்குப் பொறவுதான் சாளைய முழுசாத் திங்குது."
பூனை கொட்டாவி விட்டுக் காட்டியது,
சாட்சி சொல்வதுபோல.

பெனிற்றா கண்ணைப் பார்க்கவேயில்லை.
உதட்டைத் தூக்கினாள்.
"பல்லு பிளந்திருக்கு.
சலம் வேர்வழியா மேல ஏறிக் கண்ணுக்கடியில நிக்குது.
எலும்பு குடுப்பியளா?"

குடுத்தேன்.
ஞாயிறுதோறும் மாட்டெலும்பு,
பிரியமாய்.

முன்கையில் கொஞ்சம் மழித்து ஊசி.
தொண்டைக்குள் குழாய்.
நாக்கில் ஒரு கிளிப் மாட்டியதும்
அவன் இதயம் பெட்டிக்குள்ளிருந்து
கீக் கீக் என்று பேச ஆரம்பித்தது.
என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள்.
கதவில் கண்ணாடி இருந்தது.

முதலில் காரை.
அதிரும் முனையும் தண்ணீர்த் தெறிப்பும் பட்டுப்
பழுப்புக் கல் சில்லுச் சில்லாய் விழுந்தது.
முனை ஈறுக்கடியில் இறங்கும்போது
அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.
அது எனக்குத் தெரியும்.
பட்டையை மட்டும் சீவணும், தடியைத் தொடக்கூடாது.
தொட்டால் ரப்பர் மரம் அந்த இடத்தில்
முண்டு முண்டாய்ப் புடைத்துப்
பத்து வருசம் கணக்குச் சொல்லும்.
இருபத்திரண்டு வருசமாய்ப் பால்வெட்டு எனக்கு.
கண்ணாடிக்கு இந்தப்பக்கம்
என் கட்டைவிரல் தானாய் அசைந்தது.

பிளந்த பல்லை அப்படியே பிடுங்க முடியாதாம்.
மூன்று வேர், மூன்று திசை.
அறுத்து மூன்றாக்கி
ஒவ்வொன்றாய் அசைத்து அசைத்து.

அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது.
தைமாசம் ஒருநாள் முகம் துடைக்கப் போனேன்,
சீறினான்.
நன்றிகெட்டவனே என்று
பால்வாளி மூடியால் ஒரு அடி.
அதே பக்கம்.
மறுநாள் மூணு மணிக்கும்
எனக்கு முன்னால்தான் நடந்தான்,
பன்னி நிற்கிறதா என்று இருட்டை மோந்துகொண்டு.

டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை.
எத்தனை நாளாய் வலித்திருக்கும் என்று மட்டும் கேட்டேன்.
"ஆறேழு மாசம் இருக்கும்.
இதுவ சொல்லாதுல்லா.
ஒத்தப் பக்கமா மென்னுட்டு இருந்திரும்."

ஒட்டுப்பால் விற்ற காசு முழுக்கப் போயிற்று.
பிறகும் ஆயிரத்து இருநூறு பாக்கி.
மழை விட்டு வெட்டுத் தொடங்கட்டும் என்றாள்.
தையல் ஆறியதும் தினம் தேய்க்க
ஒரு பிரஷ், கோழி ருசியில் ஒரு பேஸ்டு.
"மனுசப் பேஸ்டு வேண்டாம்.
அவனுக்குத் துப்பத் தெரியாது."

திரும்பும் வழியில், ஆற்றூர் தாண்டி,
பல்லு எங்க என்றான் ததேயுஸ்.
காகிதத்தைப் பிரித்தேன்.
ஆட்டோவை ஓரங்கட்டி
மூன்று துண்டையும் குனிந்து பார்த்தான்.
சிரிக்கவில்லை.
தன் இடது கன்னத்தை ஒருதரம் அமுக்கிவிட்டு
கியரைப் போட்டான்.

இப்போது வெட்டுக்குப் போகுமுன்
நெற்றி விளக்கை மாட்டியதும் முதல் வெளிச்சம் அவன் வாய்க்கு.
பல்லிருந்த பள்ளம் இளஞ்சிவப்பாய் மூடிவிட்டது.
பேஸ்டு பிடித்திருக்கிறது, நக்குகிறான்.
ஆனால் உதட்டைத் தூக்கக் கை நீட்டும்போது
ஒரு கணம்,
ஒரே ஒரு கணம்,
விளக்கைப் பார்ப்பதில்லை அவன்,
பிரஷைப் பார்ப்பதில்லை.
கையைப் பார்க்கிறான்.