இடைவெளியும் சேர்த்து

ஹவுன்ஸ்லோ நூலகத்தின் மேல்மாடியில்
சனிக்கிழமை இரண்டிலிருந்து ஐந்து வரை
எனக்கு ஒரு வட்டமேசை தந்திருக்கிறார்கள்.
தொண்ணூறு வினாடிக்கொரு விமானம்
கூரையை உரசிக்கொண்டு இறங்கும்.
வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி
அது போனபின் தொடர்வோம்.
இந்தத் தெருக்களில் வளர்ந்த பிள்ளைகள்
நிறுத்தியதைக்கூட அறியமாட்டார்கள்.

நாலாயிரம் எழுத்துகள், என்கிறேன்.
அதற்குள் நீங்கள் யாரென்று சொல்லிவிட வேண்டும்.
இடைவெளியும் எழுத்துக் கணக்குதான்.
லிபான் கேட்கிறான்:
ஒன்றுமே எழுதாத இடத்துக்குமா காசு?
ஆம், லிபான்.

தேனுகா கொண்டுவந்தது
கரண்டிகளைப் பற்றிய கட்டுரை.
கழிவுக்கு ஒதுக்கிய விமானக் கரண்டிகளை
முன்னும் பின்னும் மடித்து மடித்து
எத்தனையாவது மடிப்பில் முறிகிறதென்று
ஒரு கோடை முழுக்க எண்ணியிருக்கிறாள்.
இருபத்தாறு. முப்பத்தொன்று.
ஒன்று மட்டும் பத்தொன்பதிலேயே.
உலோகமும் களைக்கும், அந்தக் களைப்புக்குக் கணக்குண்டு,
அதைப் படிக்கத்தான் வருகிறேன்
என்று முடித்திருந்தாள்.

நன்றாக இருக்கிறது, என்றேன். பிறகு
எனக்குச் சொல்லித்தந்ததை நானும் சொன்னேன்:
கரண்டி எங்கிருந்து வந்ததென்று எழுது.
இரவு பத்துக்கு அம்மா
விமானநிலையச் சமையற்கூடத்துக்குப் போவதை எழுது.
நீ தம்பிக்குச் சோறு போட்டுவிட்டுப் படிப்பதை எழுது.
வாசிப்பவர்கள் அங்கே நின்று வாசிப்பார்கள்.

அவள் பேனாவை மூடினாள்.
"அம்மாவ விக்கச் சொல்லுறீங்களோ, அக்கா?"

ஒரு விமானம் வந்தது.
அதற்கு நன்றி.

ஐந்து வருடத்துக்கு முன் நான் விற்றேன்.
அப்பாவின் கையுறை, மருத்துவமனைத் தரை,
குளோரின் மணக்கும் அவருடைய விடிகாலை,
எல்லாவற்றையும் முதல் பந்தியிலேயே வைத்தேன்.
இடம் கிடைத்தது.
என்னதான் எழுதினாய், வாசித்துக் காட்டு, என்றார்.
பிரிண்டர் பழுது என்றேன்.
இன்னும் பழுதாகத்தான் இருக்கிறது.

கரண்டிகளை அப்படியே விட்டோம்.
இரண்டு காற்புள்ளிகளை மட்டும் எடுத்தேன்.

அடுத்து படிவம்.
பெற்றோரில் யாராவது பல்கலைக்கழகம் போனதுண்டா?
இது சுலபம், இல்லை என்று போடு,
அப்படிப்பட்டவர்களுக்கென்றே சில சலுகைகள் இருக்கின்றன.
'அப்படிப்பட்டவர்கள்' என்று சொன்னபோது
என் குரல் எவ்வளவு தாராளமாக இருந்தது.

"பொறுங்கோ, கேட்டுட்டுப் போடுறன்."
ஸ்பீக்கரில் போட்டாள்.
சனிக்கிழமை ஓவர்டைம்.
பின்னால் தட்டுகள் மோதும் சத்தம்.

"மூண்டு மாசம் போனனான்," என்றது குரல்.
"கெமிஸ்ட்ரி. பிறகு கம்பஸைப் பூட்டிப்போட்டாங்கள்.
அது போனதெண்டு வருமோ,
போகேல்லையெண்டு வருமோ?"

தேனுகா திரையைப் பார்க்கவில்லை.
பதினேழு வருடம் ஒரே வீட்டில் இருந்தவள்
போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்ட ஒருநாளும் சொல்லேல்லையே, அம்மா?"
"நீ கேக்கேல்லையே. வை பிள்ளை, ட்ரே வருது."

ஆம். இல்லை. தெரியாது. சொல்ல விரும்பவில்லை.
நாலு பெட்டி.
விதிகள் எல்லாம் எனக்குத் தெரியும் என்பதால்தான்
இந்த மேசையைத் தந்தார்கள்.
நான் சுட்டியை மேலும் கீழும் உருட்டினேன்.
லிபான் எட்டிப் பார்த்து,
மூன்று மாதம் போனால் போனதுதான், என்றான்.
எங்கள் வீட்டில் யாரும் மூன்று நாள்கூடப் போனதில்லை.

ஐந்தாகப் பத்து நிமிடம்.
காவலாளி ஒவ்வொரு வரிசையாக விளக்கணைத்து வந்தார்.
அந்தக் கேள்வியை வெறுமையாக விட்டுச் சேமித்தோம்.
அவசரமில்லை, என்றேன்,
ஜனவரி வரை நேரம் இருக்கிறது.

வெளியே மழை, பெய்வதா வேண்டாமா என்பதுபோல்.
அவளுடைய பஸ் வந்து, கதவைத் திறந்து, காத்திருந்தது.
"நீங்க போங்கோ, அக்கா.
அம்மா ஆறு மணிக்கு கேட்டால வெளிய வருவா."
வெள்ளி கீறிய பையை நெஞ்சோடு பிடித்தபடி
சாலையைக் கடந்து
எதிர்ப்பக்க நிறுத்தத்தில் போய் நின்றாள்.