கால் அங்குலம்

பத்திரத்தில் கையெழுத்திட்ட அன்று
ரெமி ஓர் ஆரஞ்சைச் சமையலறை நடுவில் வைத்தான்.
அது கொஞ்சம் யோசித்தது.
பிறகு அடுப்பைத் தாண்டி, கழுவுதொட்டியைத் தாண்டி
வடகிழக்கு மூலையில் போய் உட்கார்ந்தது,
வெகுகாலம் அங்கேயே குடியிருந்ததுபோல.

நூற்றுப் பதினேழு வயது வீடு.
மிராமிச்சி ஆற்றிலிருந்து இரண்டு மைல்,
தார்ச்சாலை முடிந்து சரளை தொடங்குமிடம்.
சுவருக்குள் குளிருக்கு அடைத்திருந்தது மரத்தூளும்
பிரெஞ்சுச் செய்தித்தாள்களும்.
உருளைக்கிழங்கு விலை விழுந்த ஒரு செவ்வாய்க்கிழமையை
எலி பாதி தின்றிருந்தது.
மீதியை நான் வாசித்தேன்.

அஸ்திவாரத்தின் மேல் படுத்திருக்கும் உத்தரம்
விரல் வைத்தால் கேக்குபோல் உள்வாங்கியது.
தச்செறும்புகளின் வேலை.
எங்களுக்கு முன்பே அவை
விரிவாக்கத் திட்டத்தோடு வந்தவை.

இரவுகளில் ரெமி
ஆணி வாங்கிய ரசீதின் பின்பக்கத்தில் பண்ணை வரைவான்.
ஆறு ஆடு. இருபது கோழி. இரண்டு தேன்பெட்டி.
காற்றுக்கு எதிரே ஆப்பிள் வரிசை.
ஒரு குட்டை, அதில் வாத்துகள்.
வாத்துகளுக்குப் பெயர்கூட வைத்தாகிவிட்டது.
நான் முன்பக்கத்தைக் கூட்டுவேன்:
கூரைத் தகடு, கிணற்று பம்பு,
துணி சுற்றிய பழைய மின்கம்பி.
அவன் கணக்கில் எல்லாம் பெருகும்,
என் கணக்கில் எல்லாம் ஒழுகும்.
ஆனால் வாத்துக்குட்டையை
இன்னும் கொஞ்சம் மேற்கே தள்ளச் சொன்னது நான்தான்.

பனிவாரி வண்டி ஓட்டும் வெர்னா,
சரளைச் சாலையில் எங்களுக்கு அடுத்த வீடு,
இரண்டு ஜாக்கிகள் கொண்டுவந்து இறக்கினாள்.
"நாளைக்குக் கால் அங்குலம். அதற்கு மேல் ஆசைப்பட்டால்
கண்ணாடி போகும்."

ஏப்ரல் முழுக்க வீட்டின் வயிற்றுக்கடியில் மல்லாந்து கிடந்தேன்.
ஆம்புலன்ஸ் அழைப்பெடுக்கும் வேலையில்
இரவெல்லாம் பிறர் வீடுகள் சரிவதைக் கேட்டுவிட்டு வந்து
காலையில் என் வீட்டை ஒரு திருகு தூக்குவேன்.
முதுகுக்குக் கீழே இன்னும் உருகாத மண்.
மூக்குக்கு ஒரு சாண் மேலே
சமையலறை, படிக்கட்டு, இரும்பு அடுப்பு,
ரெமி.
மரம் முனகும்.
முனகல் நின்றதும் நானும் மூச்சு விடுவேன்.

ஐந்தாம் நாள்,
ஒருபோதும் மூடாத கொல்லைக்கதவு தானே மூடிக்கொண்டது.
ஒன்பதாம் நாள், ஒழுங்காயிருந்த குளியலறைக் கதவு
ரெமியை உள்ளே வைத்து இறுகிவிட்டது.
ஜன்னல் வழியாக வந்தான், சோப்பு நுரையோடு,
வெர்னா வண்டியை நிறுத்தி ஹார்ன் அடித்தாள்.
பதினொன்றாம் நாள் நான் ஆசைப்பட்டேன்.
கண்ணாடி போயிற்று.

மே மாதம் பழைய உத்தரத்தை அள்ளி வெளியே கொட்டினோம்;
உண்மையாகவே அள்ளினோம், மண்வாரியால்.
ஹெம்லாக் மரத்தில் புது உத்தரம் நுழைத்தோம்.
ஆடு வாங்க வைத்திருந்த பணம்
அதில் இருபது அடி நீளத்துக்குப் படுத்துக்கொண்டது.
அன்று இரவு ரெமி எதுவும் வரையவில்லை.
நானும் கேட்கவில்லை.

மறுநாள் ஆணிப்பெட்டியைத் திறந்தால்
நாலங்குல ஆணிகளின் மேல் ஒரு முட்டை.
பழுப்பு. இன்னும் சூடு.
எங்கள் பண்ணையின் முதல் விளைச்சல்,
வெர்னாவின் சிவப்புக் கோழி இட்டது.

கொண்டுபோய்க் கொடுத்தேன்.
வெர்னா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.
"கோழி என்னுடையது. ஆணி உங்களுடையது.
வழக்கு இழுத்துக்கொண்டே போகும், நீங்களே சாப்பிடுங்கள்."

திரும்பி வந்து
மேசை நடுவில் முட்டையை வைத்தேன்.
ரெமி வாணலியோடு நின்றான்.
இருவரும் அடுப்பைப் பார்க்கவில்லை, முட்டையைத்தான் பார்த்தோம்.

அது அசையவில்லை.
அசையவில்லை.
பிறகு மெல்ல, கோணலாக, ஒரு வளைவெடுத்து
உருளத் தொடங்கியது,
தென்மேற்கு நோக்கி.

"அதிகமாகத் தூக்கிவிட்டாய்" என்றான்,
விளிம்பில் கையேந்தி அதைப் பிடித்தபடி.
"கால் அங்குலம்" என்றேன்.